கோரோசனையும் மூங்கிலுப்பும்: சீன, தமிழ்க் குழந்தை மருத்துவ மரபுகளின் உறவும் திண்டுக்கல் வட்டாரப் போகர் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ச் சித்த மருத்துவத்திற்கும் சீன மருத்துவத்திற்கும் உறவு உண்டு என்னும் கருத்து, திண்டுக்கல் மாவட்டத்தின் பழனியில் நிலைபெற்றுள்ள போகர் மரபை முதற்சான்றாகக் கொண்டு நெடுங்காலமாக எடுத்துரைக்கப்பட்டு வருகிறது. இக்கட்டுரை அவ்வுறவைக் குழந்தை மருத்துவம் என்னும் ஒரு துறைக்குள் நிறுத்தி ஆராய்கிறது. பாலவாகட மரபையும் சீனக் குழந்தை மருத்துவ நூல் மரபையும் ஒப்பிட்டு, எவை பொது மனித அனுபவத்தால் விளைந்த ஒப்புமைகள், எவை வணிகமும் நூற்பெயர்ப்பும் கொண்டு சேர்த்த கடன்கள் எனப் பகுக்கிறது. உறவிற்கான உறுதியான சான்று சித்தர் வரலாற்றுக் கதைகளில் இல்லை. மருந்துச் சரக்குகளின் பெயர்களிலும் அவற்றின் வழித்தடங்களிலுமே உள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பாலவாகடம், உரை மருந்து, போகர், சியென் யீ, கோரோசனை, மூங்கிலுப்பு, வசம்பு, பழனி, காந்திகிராமம்.

முன்னுரை

திண்டுக்கல் நகரின் நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் பச்சிளங்குழந்தைக்கான ‘உரை மருந்து’ கேட்டு வாங்கப்படுகிறது. சுக்கு, திப்பிலி, கடுக்காய், வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், அதிமதுரம், அக்கரகாரம், பெருங்காயம் ஆகியவை அதில் பொதுவாக இடம்பெறும். குழந்தையைக் குளிப்பாட்டிய பின் இவற்றை உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இழைத்து, சிறிதளவு நாவில் தடவுவது வழக்கம். இம்மருந்து யார் கொடுத்தது என்னும் வினாவிற்கு இவ்வட்டாரத்தில் இரு விடைகள் உண்டு. ஒன்று, ‘பாட்டி வைத்தியம்’. மற்றொன்று, ‘சித்தர் அருளியது’. இரண்டாம் விடையில் பழனியும் போகரும் வந்துவிடுவர். போகர் வந்தால் சீனமும் உடன் வந்துவிடும்.

இவ்விடைகளை வெறும் நம்பிக்கை என ஒதுக்குவதும், அப்படியே வரலாறாக ஏற்பதும் ஆய்வுக்கு உதவா. குழந்தை மருத்துவம் பிற மருத்துவத் துறைகளினும் கூடுதல் கவனத்தை வேண்டுவது. நோயாளி தன் நோயைச் சொல்ல இயலாதவர். மருந்தை ஏற்கவோ மறுக்கவோ இயலாதவர். எனவே, ஒரு மருந்தின் ‘தொன்மை’ பற்றி வரலாற்றாய்வாளர் கூறுவது, அதைக் குழந்தைக்குப் புகட்டும் கைக்குத் துணிவு தரும் சொல்லாகவும் ஆகிவிடுகிறது. இப்பொறுப்பை மனத்திற்கொண்டே ஆய்வுப் பொருள் இங்கு அணுகப்படுகிறது.

1. சீனக் குழந்தை மருத்துவத்தின் நூல் மரபு

சீனத்தில் குழந்தை மருத்துவம் தனித்துறையாக வளர்ந்த வரலாறு நூல்வழித் தெளிவாக அறியக்கிடக்கிறது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் தம் மருத்துவப் பெருந்தொகுப்பில் மகளிர், குழந்தைகள் பற்றிய பகுதிகளை முன்வைத்தார். சோங் அரசர் காலத்தவரான சியென் யீ (ஏறத்தாழ 1032–1113) அரச குடும்பத்துக் குழந்தைகளுக்கு மருத்துவம் செய்து அரசவைப் பதவி பெற்றவர். அவருடைய மருத்துவ முறைகளையும் நோயர் குறிப்புகளையும் திரட்டி 1119இல் வெளிவந்த நூல், சீனக் குழந்தை மருத்துவத்தின் அடிப்படை நூலாக மதிக்கப்படுகிறது.

சியென் யீ வகுத்த கொள்கைகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. முதலாவது, குழந்தையின் உள்ளுறுப்புகள் இளந்தன்மையுடையன. எளிதில் வெம்மைக்கும் எளிதில் குளிர்ச்சிக்கும், எளிதில் நலிவுக்கும் எளிதில் மிகைக்கும் ஆட்படுவன என்பது. இரண்டாவது, பெரியோர்க்குரிய மருந்தைக் குழந்தைக்கு அளவு குறைத்துத் தந்தால் போதாது. மருந்தின் அமைப்பையே மாற்ற வேண்டும் என்பது. பழைய மருந்துக் கூட்டு ஒன்றிலிருந்து இலவங்க வகைப் பட்டை, பதப்படுத்திய நாபிக்கிழங்கு இனம் ஆகிய இரு வெப்பச் சரக்குகளை நீக்கி, ஆறு சரக்குகள் கொண்ட கூட்டாக அவர் குழந்தைகளுக்கு அமைத்துத் தந்தமை இதற்குச் சிறந்த சான்று. இயல்பிலேயே வெம்மை மிகுந்த குழந்தைக்கு மேலும் வெம்மை வேண்டா என்பது அதன் காரணம்.

நோயறியும் முறையிலும் தனித்தன்மை காணப்படுகிறது. மூன்று வயதிற்கு உட்பட்ட குழந்தையின் மணிக்கட்டில் நாடி பார்ப்பது அரிது என்பதால், சுட்டுவிரலின் உட்புறத்தில் தோன்றும் நரம்புக் கோட்டின் நிறத்தையும், அது எந்தக் கணு வரை நீண்டுள்ளது என்பதையும் பார்த்து நோயின் கடுமையை மதிப்பிட்டனர். அம்மை வகைகள், வலிப்பு, உடல் தேய்வு ஆகியன சீனக் குழந்தை மருத்துவர் பெரிதும் அஞ்சிய நோய்களாக இருந்தன. மிங் அரசர் காலத்தில் குழந்தைகளுக்கெனத் தனியே உடல் வருடல் முறைகளும் நூல் வடிவம் பெற்றன.

2. பாலவாகட மரபு

தமிழில் குழந்தை மருத்துவம் ‘பாலவாகடம்’ என வழங்கப்பெறுகிறது. ஏட்டுச்சுவடிகளிலும் பின்னர் அச்சு நூல்களிலும் இப்பெயரில் பல பாடங்கள் நிலவின. அவற்றைத் திரட்டி மருத்துவர் பொன். குருசிரோன்மணி தொகுத்தளித்த நூல் இன்று சித்த மருத்துவக் கல்லூரிகளில் பயிலப்படுகிறது. மாந்தம், கணம், தோடம், அக்கரம், கரப்பான், செவ்வாப்பு முதலிய நோய்ப்பெயர்கள் இம்மரபிற்கே உரியவை. இவற்றை இன்றைய நோய்ப்பெயர்களோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்திவிட இயலாது. செரியாமை, வயிற்றுப்போக்கு, சுரம், வலிப்பு என்பன பலவும் மாந்தத்தின் வகைகளாகப் பேசப்படுகின்றன. ஒரே சொல் பல நிலைகளைக் குறிப்பதும், ஒரே நிலை பல பெயர் பெறுவதும் உண்டு.

இம்மரபில் தாயும் சேயும் ஒரே மருத்துவ அலகாகக் கருதப்படுகின்றனர். தாய் உண்ட உணவின் கேடு பால்வழிச் சேயைச் சேரும் என்னும் கருத்தினால், குழந்தையின் மாந்தத்திற்குத் தாய்க்கும் பத்தியம் விதிக்கப்படுகிறது. நோயறிவதற்குரிய எண்வகைத் தேர்வுகளாகிய நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பவற்றுள், குழந்தையைப் பொறுத்தவரை நாடியும் மொழியும் பயன் குறைந்தவை. அழுகையின் இயல்பு, மலத்தின் நிறம், மேனியின் சூடு, விழியின் தெளிவு ஆகியவை முதன்மை பெறுகின்றன. சீன மருத்துவர் விரற்கோட்டை நாடியதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. பேசாத நோயாளியிடம் மருத்துவர் கண்ணையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது.

3. பழனிப் போகர் மரபு: சான்றின் எல்லை

பழனி மலைக்கோயிலின் மூலவர் திருமேனி நவபாடாணத்தால் போகர் செய்தளித்தது என்பது மரபுவழிச் செய்தி. அம்மலைக்கோயில் வளாகத்திலேயே போகர் சமாதி வழிபடப்பெறுகிறது. திருமேனிக்கு ஆட்டிய பொருள்கள் நோய் நீக்கும் என்னும் நம்பிக்கையும், குழந்தைகளுக்கு இங்கு முடியிறக்கும் வழக்கமும் இவ்வட்டாரத்தில் ஆழ வேரூன்றியவை. போகர் பெயரில் வழங்கும் ‘ஏழாயிரம்’ அவர் சீனத்திற்குச் சென்றதையும் அங்குப் பெற்ற அனுபவங்களையும் விரித்துரைக்கிறது. அவர் சீனர் என ஒரு சாராரும், சீனம் சென்று மீண்ட தமிழர் என மற்றொரு சாராரும் கூறுவர். அவருடைய ஆசான் காலாங்கிநாதரையும் சீனத்தோடு இணைத்துப் பேசுவது உண்டு.

இச்செய்திகள் வரலாற்றுச் சான்றாக எவ்வளவு நிற்கும்? போகர் பெயரிலான நூல்களின் மொழிநடை பிற்காலத்தது என்பது சித்தர் இலக்கிய ஆய்வாளர் பலரின் கருத்து. ஒரு பிற்கால நூல் தன் தலைவனைப் பழங்காலத்தவனாகக் கூறுவதால் அவன் பழங்காலத்தவன் ஆகிவிடான். அதே வேளையில், அந்நூலை இயற்றிய சமூகம் சீனத்தை மருத்துவ, இரசவாத அறிவின் நிலமாக அறிந்திருந்தது என்பதற்கு அது சான்றாகும். அதாவது, போகர் சீனம் சென்றதற்குச் சான்றாகாத நூல், தமிழ் மருத்துவர் சீனத்தை எவ்வாறு மதித்தனர் என்பதற்குச் சான்றாகிறது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் எழுதப்படும் கட்டுரைகள், தமிழ் மருத்துவம் முழுதும் சீனத்திலிருந்து வந்தது என்றோ, சீன மருத்துவம் முழுதும் தமிழகத்திலிருந்து சென்றது என்றோ ஒரு முனையில் சென்று முடிகின்றன. இரண்டிற்கும் போகர் ஒருவரையே சான்று காட்டுவர் என்பது நோக்கத்தக்கது.

தமிழகத்திற்கும் சீனத்திற்கும் தொடர்பே இல்லை என்பது இதன் பொருளன்று. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆம் ஆண்டுகளில் சோங் அரசவையை அடைந்தன. தென்சீனத் துறைமுகமாகிய சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு சிவன் கோயில் ஒன்றைக் குறிக்கிறது. இலங்கையின் காலியில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்துள்ளது. கப்பல்கள் சென்றன, வணிகர் தங்கினர், கோயில் எழுந்தது. அக்கப்பல்களில் மருந்துச் சரக்கும் சென்றது. ஆகவே, தேடவேண்டிய இடம் சரக்கின் வரலாறு.

4. சரக்கின் பெயரில் பதிந்த வரலாறு

குழந்தை மருத்துவத்தில் இரு மரபுகளும் பயன்கொண்ட சரக்குகளுள் கோரோசனை முதலில் வைத்து எண்ணத்தக்கது. மாட்டின் பித்தப்பையில் விளையும் இக்கல், தமிழ் மரபில் கோரோசனை மாத்திரையாகக் குழந்தையின் சளி, சுரம், வலிப்பு ஆகியவற்றிற்குத் தாய்ப்பாலில் இழைத்துத் தரப்படுகிறது. சீனத்தில் ‘மாட்டு மஞ்சள்’ எனப் பொருள்படும் பெயரில் அதே கல் குழந்தை வலிப்பு மருந்துகளில் இடம்பெறுகிறது.

இவ்விரு பெயர்களும் ஒரே பொருளைச் சுட்டுவன என்பது இன்றைய ஆய்வாளரின் ஊகமன்று. இந்தியாவிற்கு வந்து பயின்ற சீனத் துறவி இத்சிங் 703இல் சீனத்தில் பெயர்த்த பொன்னொளிச் சூத்திரம் என்னும் பௌத்த நூலில், தீமை நீக்கும் நீராட்டிற்குரிய 32 சரக்குகளின் பட்டியல் உள்ளது. ஒவ்வொரு சீனப் பெயரோடும் அதன் வடமொழிப் பெயரின் ஒலிபெயர்ப்பும் தரப்பட்டுள்ளது. அப்பட்டியலின் தொடக்கத்தில் வசம்பும் கோரோசனையும் அடுத்தடுத்து நிற்கின்றன. மனோசிலையும் அதில் உண்டு. எனவே 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இச்சரக்குகள் இரு மொழிகளிலும் பெயர் பொருத்தப்பட்டுவிட்டன.

எதிர்த்திசைப் பயணத்திற்கும் சான்று உண்டு. சியென் யீயின் நூலில் குழந்தைகளின் சுரவலிப்பிற்குக் கூறப்படும் புகழ்பெற்ற மாத்திரை ஒன்று உள்ளது. கத்தூரி, சாதிலிங்கம், மனோசிலை ஆகியவற்றோடு மூங்கிலின் கணுவினுள் உறையும் உப்பும் அதில் சேர்கிறது. நாம் மூங்கிலுப்பு என்று வழங்கும் அச்சரக்கிற்குச் சீனர் இட்ட பெயரின் முற்பகுதி ‘தியென்சு’ என்பதாகும். அது இந்தியாவைக் குறிக்கும் பழஞ்சீனச் சொல். சீனக் குழந்தையின் மருந்திலேயே இந்தியாவின் பெயர் பொதிந்துள்ளது. இதற்குச் சித்தர் ஒருவரின் வான்வழிப் பயணம் தேவைப்படவில்லை.

தமிழ்ச் சொற்களிலும் இவ்வாறே வழித்தடம் பதிந்துள்ளது. படிகாரத்திற்குச் ‘சீனக்காரம்’ என ஒரு பெயருண்டு. பறங்கிப்பட்டை எனப்படும் கிழங்கு சீனத்திலிருந்து வந்தது. ஆயினும் தமிழ் அதனைக் கொண்டுவந்த போர்ச்சுக்கீசியர் பெயரால் வழங்குகிறது. கோவாவில் 1563இல் நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தா அக்கிழங்கைச் சீனக் கிழங்கு என்றே குறித்து விரிவாகப் பேசுகிறார். விளைந்த நாட்டின் பெயர் மறைந்து, கொணர்ந்தவர் பெயர் நின்றுவிட்டது. மருந்தின் பெயரைக் கொண்டு அதன் பிறப்பிடத்தை உடனே முடிவு செய்தல் எவ்வளவு பிழையாகும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இந்நோக்கில் தொடக்கத்தில் குறித்த உரை மருந்தை மீண்டும் காணலாம். சாதிக்காய் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு உரியது. மாசிக்காய் மேலை ஆசியாவினது. பெருங்காயம் பாரசீகம், ஆப்கானிய நிலங்களிலிருந்து வருவது. அக்கரகாரம் வட ஆப்பிரிக்க நிலத்தது. ‘நாட்டு மருந்து’ என்னும் பெயரில் திண்டுக்கல் சமவெளியின் வீட்டில் இழைக்கப்படும் இம்மருந்தின் செம்பாதி கடல் கடந்தும் மலை கடந்தும் வந்த சரக்கு. இதனால் அதன் தமிழ்த்தன்மை குறைந்துவிடாது. சரக்குகள் பல நாட்டின. எவற்றை எவற்றோடு எவ்வளவு சேர்ப்பது, எதில் இழைப்பது, எப்போது நிறுத்துவது என்னும் அறிவே இங்கு உருவானது.

5. ஒப்புமை வேறு, கடன் வேறு

சரக்கு வழி உறவு உறுதியெனினும், இரு மரபுகளிலும் காணப்படும் ஒப்புமைகள் யாவும் கடனல்ல. மூன்று எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது, வளர்ச்சிப் பருவம். பழஞ்சீன மருத்துவம் குழந்தையின் வளர்ச்சியை 32 நாட்களுக்கு ஒரு மாற்றம் எனக் கணக்கிட்டு, 576 நாட்களில் அம்மாற்றங்கள் நிறைவுறும் என்றது. அவ்வேளைகளில் தோன்றும் இலேசான சுரத்தை நோயென்று கருதி மருந்து தரலாகாது எனவும் அறிவுறுத்தியது. தமிழில் பாட்டியல் நூல்கள் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை 3ஆம் மாதம் முதல் 21ஆம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் அமைக்கின்றன. இரண்டு கணக்குகளும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டிற்கு மேல், இரண்டாண்டிற்குள் முடிகின்றன. இதில் கடன் எதுவும் இல்லை. தலை நிமிர்தல், தவழ்தல், கைகொட்டல், நடத்தல் என்னும் குழந்தையின் செயல்களை உற்றுநோக்கிய இரு சமூகங்கள், ஒன்று மருத்துவத்திலும் மற்றொன்று இலக்கியத்திலும் அவற்றைப் பதிவு செய்தன.

இரண்டாவது, சொல்லொலி. சீனத்தில் குழந்தையின் உடல் தேய்வு நோய்க்குக் ‘கான்’ என்று பெயர். தமிழில் ‘கணம்’ உள்ளது. ஒலியும் ஓரளவு பொருளும் ஒத்திருப்பதால் ஒன்று மற்றொன்றின் திரிபு எனக் கூறத் தோன்றும். ஆனால் சீனச் சொல்லை அம்மொழியினர் இனிப்பு, வறட்சி ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களோடு தொடர்புறுத்தி விளக்குவர். தமிழ் வழக்கிலோ கணம் என்பது கணச்சூடு முதலிய தொடர்களில் வெப்பத்தோடு இணைந்தே வருகிறது. இடைப்பட்ட நூற்சான்று எதுவும் இல்லாத நிலையில் ஒலி ஒப்புமையை மட்டும் கொண்டு உறவு கூறுதல் ஆய்வாகாது.

மூன்றாவது, வசம்பு. தமிழகத்தில் வசம்பைத் துண்டாக்கிக் கோத்துக் குழந்தையின் கையில் கட்டுவர். ‘பேர் சொல்லா மருந்து’ என அதன் பெயரையும் மறைத்துச் சொல்வர். சீனத்தில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் விழாவில் வசம்பின் வாள் போன்ற இலையை வாயிலில் தொங்கவிட்டு, மனோசிலை கலந்த மதுவால் குழந்தையின் நெற்றியில் குறியிடுவர். இத்சிங்கின் பட்டியல் வசம்பிற்கு நூல்வழித் தொடர்பைக் காட்டினாலும், இவ்விரு வழக்கங்களும் அதிலிருந்து பிறந்தன எனல் இயலாது. கடுமணம் தீயதை விரட்டும் என்னும் எண்ணம் பல நிலங்களுக்கும் பொதுவானது. இங்குக் கடனுக்கும் ஒப்புமைக்கும் இடைப்பட்ட நிலையை ஏற்பதே தகும்.

6. மரபும் குழந்தையின் நலமும்

மேற்கண்ட சரக்குகளுள் சாதிலிங்கம் இரசம் கலந்தது. மனோசிலை ஆர்செனிக் கலந்தது. சியென் யீயின் மாத்திரையில் அவை இருந்தன என்பதும், சித்த மருந்துகளில் அவை தூய்மை செய்து சேர்க்கப்படுகின்றன என்பதும் வரலாற்று உண்மைகள். அவை இன்றைய குழந்தைக்கு ஏற்றவை என்பதற்கு இவ்வுண்மைகள் சான்றாகா. இந்தியாவில் 1940ஆம் ஆண்டு மருந்துகள் சட்டமும் அதன் விதிகளும் சித்த மருத்துவத்தின் நச்சுச் சரக்குகளைத் தனிப்பட்டியலில் வைத்து, அவற்றைக் கொண்ட மருந்துகளை மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் எனக் குறிக்கப் பணிக்கின்றன. வசம்பிலும் இத்தகைய சிக்கல் உண்டு. இந்திய வசம்பின் எண்ணெயில் மிகுந்துள்ள பீட்டா அசரோன் என்னும் பொருள் விலங்காய்வுகளில் புற்று விளைவித்ததால், அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1968இல் வசம்பை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்தன.

சீன மருத்துவம் இத்தகைய வினாவை எதிர்கொண்ட வரலாறு தமிழர் வாழும் சிங்கப்பூரிலேயே உண்டு. பச்சிளங்குழந்தைக்குப் புகட்டப்பட்டு வந்த ஒரு சீனக் கசப்புக் கிழங்கு, குறிப்பிட்ட நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளின் மஞ்சள்காமாலையைக் கடுமையாக்கும் என்னும் ஐயத்தால் அந்நாட்டில் 1978இல் தடைசெய்யப்பட்டது. பின்னர் சான்றுகள் மறுபடியும் ஆராயப்பட்டு, எச்சரிக்கைகளோடு தடை நீக்கப்பட்டது. தடையும் நீக்கமும் மரபின் தொன்மையைக் கொண்டு முடிவு செய்யப்படவில்லை. ஒரு சரக்கு, ஒரு நோய்நிலை, ஒரு வயது என்னும் குறுகிய வினாவைக் கொண்டே முடிவு செய்யப்பட்டன. பாலவாகடச் சரக்குகளுக்கும் இவ்வழியே ஏற்றது.

திண்டுக்கல் வட்டாரம் இவ்வாய்விற்குப் பொருத்தமான களம். பழனிக்கு எதிர்ப்புறத்தில், சின்னாளபட்டியை அடுத்து, 1947இல் காந்திகிராமம் தோன்றியது. அதனை நிறுவியவர்களுள் ஒருவரான மருத்துவர் சௌந்தரம் இராமச்சந்திரன் ஆங்கில மருத்துவம் பயின்றவர். தாய்சேய் நலப் பணியைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றவர். ஆத்தூர் ஒன்றியத்தைக் களமாகக் கொண்டு 1959இல் முன்னோடி நலத்திட்டம் தொடங்கப்பெற்றது. 1964இல் ஊரக நலம், குடும்ப நலத்திற்கான நிறுவனம் உருவானது. அதே காந்திகிராமத்தில் இலட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்துகளைச் செய்து வருகிறது. தடுப்பூசியும் உரை மருந்தும் ஒரே வீட்டில், ஒரே குழந்தைக்கு வழங்கப்படும் சூழல் இவ்வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக நிலவுகிறது. அவ்விரண்டையும் பகையாக்காமல் அருகருகே வைத்துப் பயன்கொண்டவர்கள் தாய்மாரும் பாட்டிமாரும் ஆவர். சியென் யீயின் பெயர் சீனத்தில் நின்றது. போகர் பெயர் பழனியில் நிற்கிறது. உரைகல்லில் எத்தனை உரை என்று அறிந்த பெண்டிரின் பெயரை எந்த மரபும் எழுதி வைக்கவில்லை.

முடிவுரை

சீன, தமிழ்க் குழந்தை மருத்துவ மரபுகளுக்கிடையே உறவு உண்டு. அவ்வுறவு கோரோசனை, வசம்பு, மூங்கிலுப்பு, பறங்கிப்பட்டை ஆகிய சரக்குகளின் வழியே, வணிகராலும் துறவியராலும் மொழிபெயர்ப்பாளராலும் இரு திசைகளிலும் நிகழ்ந்தது. போகர் மரபு அவ்வுறவின் சான்றன்று. அவ்வுறவைத் தமிழ்ச் சமூகம் நினைவில் கொண்ட முறையாகும். வளர்ச்சிப் பருவக் கணக்கு, நோயறியும் முறை ஆகியவற்றின் ஒப்புமை பெரும்பாலும் குழந்தையை உற்றுநோக்கியதன் பயன். ஒரு மருந்து எவ்வழி வந்தது என்பதை வரலாறு சொல்லும்; அதைக் குழந்தைக்குத் தரலாமா என்பதை மருத்துவச் சோதனையே சொல்ல வேண்டும். முதல் வினாவின் விடையை இரண்டாம் வினாவிற்குரியதாகக் கொள்ளாதிருப்பது இத்துறையில் எழுதுவோர் பேண வேண்டிய வரம்பாகும். இவ்வட்டாரத்து வீடுகளில் வழங்கும் உரை மருந்துக் கூட்டுகளையும், அவற்றைச் செய்யும் முதிய பெண்டிரின் விளக்கங்களையும் ஊர்தோறும் திரட்டிப் பதிவு செய்தல் அடுத்து நிகழவேண்டிய பணி. பாலவாகடச் சுவடிகள் கூறாத செய்திகள் பல அவர்களிடம் கிடைக்கக்கூடும்.